தோணி பிஸ்கட்

1979 செப்டம்பர் 8

ஜனவரியில் பிலோமி வாங்கித் தந்த டைரி. எட்டு மாதமாக வெறுமையாகக் கிடந்தது. இன்றைக்கு யாரிடமாவது சண்டை போட்டாக வேண்டும் போல இருக்கிறது. மாதா பிறந்த நாளும் அதுவுமாய்ச் சண்டை போடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் கொழும்புக்குப் புறப்பட்ட முதல் தோணியில் அவருக்கு ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தனுப்பியிருந்தேன். கொண்டுபோனவர் எங்கள் தெரு லாசர் தண்டல். தோணியை நடத்துகிறவர், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இன்று வந்து வாசலில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார்.

"வைய வேண்டாம் தங்கச்சி. உப்புக் காத்துல எல்லாம் கசிஞ்சு பாகாப் போச்சு. எறும்பு வேற. கடல்லதான் கொட்டுனேன்."

முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் கடல் காற்றுக்குத் தாங்காது என்று தூத்துக்குடியில் பிறந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அவருக்குப் பிடிக்குமே என்ற நினைப்பில் மற்றதெல்லாம் மறந்து போயிற்று.

அவர் கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு மண்டிக்குக் கணக்குப்பிள்ளையாகப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. இந்த ஈஸ்டருக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. அவருடைய சொந்தத் தங்கச்சி பிலோமியே கேட்கிறாள்: "ரெண்டு வரி எழுத முடியாதவனுக்கு முந்திரிப் பருப்பு ஒரு கேடா மயினி?"

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் தெரியவில்லை. கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்துவிடலாம். வாயில் போட்டதற்கு நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை. அதன் பின்னாலேயே எப்போது வருகிறார் என்பதும் வந்துவிடும்.

செப்டம்பர் 22

கசியாத பிஸ்கட் ஒன்று செய்ய வேண்டும். முட்டை கிடையாது, தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. சீனிக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி. அதைச் சீவி, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்தேன். நெய்யும் மைதாவும் பொடித்த முந்திரியும் சேர்த்துப் பிசைந்து தட்டினேன். காயப்போட்ட கருப்பட்டியில் பாதியைப் பிலோமி தின்றுவிட்டாள். கேட்டால் காக்கா என்கிறாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு தொம்மை அண்ணன் பேக்கரிக்குப் போனேன். எங்கள் தெருக்களில் யார் வீட்டில் ரொட்டி அடுப்பு இருக்கிறது? மாவு நம்முடையது, நெருப்பு அவருடையது. ரொட்டியெல்லாம் இறங்கினபிறகு, மிச்சச் சூட்டில் நம் தட்டை உள்ளே தள்ளுவார். யார் தட்டு என்று தெரிய ஆளுக்கு ஓர் அடையாளம் உண்டு. என்னுடையது மூலையில் ஒரு கிராம்பு.

"ஏழு மணிக்கு வா பிள்ள, எடுத்து வைக்கேன்" என்றார். ஏழு மணிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. புன்னைக்காயலில் அவருடைய மச்சினன் இறந்துவிட்டாராம். குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். செத்தவருக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். இரண்டாவது ஒன்று என் தட்டுக்காக.

செப்டம்பர் 23

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை. சாயங்காலம் அடக்கம் முடிந்து வந்து கதவைத் திறந்தார் தொம்மை அண்ணன். இரவும் பகலும் ஆறிக்கொண்டே வந்த அடுப்புக்குள் என் தட்டு மட்டும் தனியாக இருந்தது.

"மன்னிச்சிரு பிள்ள. கரிக்கட்டையாத்தான் இருக்கும்."

கரியவில்லை. ஓட்டு நிறத்தில், ஈரம் என்ற பேச்சே இல்லாமல் காய்ந்திருந்தது. நான் ஒன்றைக் கடித்தேன். சத்தத்தைக் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். துக்க வீட்டுக்குப் போய்வந்த மனுஷர், நின்ற நிலையிலேயே நான்கைத் தின்றுவிட்டு, "இனிமே எல்லா சனிக்கிழமையும் கொண்டா, மறந்துட்டே போறேன்" என்றார்.

செப்டம்பர் 30

ஒரு வாரமாய் ஜன்னலில் கடல் காற்றுப் பட வைத்திருந்தேன். இன்றும் மொறுமொறுப்புக் குறையவில்லை. இது கொழும்பு போய்ச் சேரும்.

அக்டோபர் 3

பால்மாவு டப்பாவில் அடுக்கி, மூடியைச் சுற்றி மைதா பசை தடவி ஒட்டி, பழைய துறைமுகத்தில் லாசர் தண்டல் கையில் கொடுத்தேன். "அவிய கையில குடுத்து, தின்னதும் என்ன சொல்லுதாவன்னு கேட்டுட்டு வரணும்" என்றேன். சரி என்றார். தோணி மறையும்வரை நிற்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நின்றேன்.

அக்டோபர் 21

வந்துவிட்டார்! நான் கை கழுவக்கூட இல்லை, ஓடினேன்.

"பாத்தியளா? தின்னாவளா?"

"ஆங்... தின்னாவ தங்கச்சி." டப்பாவைப் பார்த்தே பேசினார். பெண்பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாத கூச்சக்காரர். "நல்லா இருந்துச்சாம்."

"வேற?"

"வேற... கொஞ்சம் கனமா இருக்காம். மெல்லிசாத் தட்டணுமாம். அப்புறம் சுக்கு. சுக்கு கொஞ்சம் சேத்தா வயித்துக்கு நல்லதுன்னாவ."

கடிதம் கேட்டேன். கை ஒழியவில்லையாம். பரவாயில்லை. மெல்லிசாக, சுக்குப் போட்டு. இதைவிடக் கடிதம் என்ன வேண்டியிருக்கிறது?

பிலோமிதான் சும்மா இருக்காமல், "எங்க அண்ணனா சுக்கு கேட்டான்?" என்றாள். கல்யாணமான புதிதில் என் அம்மா போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியை அவர் முருங்கை மரத்துக்கு ஊற்றியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஊர் மாறினால் நாக்கும் மாறும். அதைச் சொன்னால் அவள், "நாக்கு மட்டும் மாறுனாச் சரிதான்" என்று எழுந்து போய்விட்டாள். வாய்த் துடுக்கு. இவளைக் கட்டப்போகிறவன் பாவம்.

அக்டோபர் 27

சுக்குப் போட்டேன். கருப்பட்டிக்கும் சுக்குக்கும் அப்படி ஒரு பொருத்தம். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? அவர் அங்கே இருந்துகொண்டு சொல்கிறார், நான் இங்கே செய்கிறேன். பக்கத்தில் இருந்த நாளில்கூட அவர் அடுப்படிப் பக்கம் வந்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நவம்பர் 18

இரண்டாவது டப்பா காலியாக வந்தது. நன்றாக இருந்ததாம், ஒரு கல் உப்புச் சேர்க்கலாமாம். டப்பாவுக்குள் அடியில் இரண்டு பீடித் துண்டு கிடந்தது. கொழும்பில் பீடி பழகிவிட்டார் போல. வந்ததும் இருக்கிறது அவருக்கு.

டிசம்பர் 9

உப்புச் சேர்த்தபிறகு இந்தப் பிஸ்கட்டில் திருத்த ஒன்றும் இல்லை. நானே சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆனால் டைரியில் சொல்லாமல் எங்கே சொல்வது?

டிசம்பர் 23

தலைக்கு மேல் வேலை. லாசர் தண்டல் தோணியில் போகிறவர்களுடைய வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, "எங்க வீட்டு ஆளு ஓயாம இதையே சொல்லுதாவ, அந்தத் தோணி பிஸ்கட் எப்படிச் செய்யணும்?" என்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிஸ்கட் எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். வழியில் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுத்திருப்பார்கள். கடலில் போகிறவர்கள், போகட்டும்.

பேரும் அவர்களே வைத்துவிட்டார்கள். இன்றைக்குத் தொம்மை அண்ணன் பேக்கரியில் கிறிஸ்துமஸ் வரிசை. நாற்பது வீட்டுத் தட்டு இருக்கும், பாதிக்கு மேல் தோணி பிஸ்கட்தான். கேக்கு வைக்க இடமில்லை என்று ஆசிரியை ரெஜினாள் சண்டை. தொம்மை அண்ணன் என்னைக் காட்டி, "எல்லாம் இந்த மகராசியால வந்தது, இவளக் கேளுங்க" என்றார். வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

டிசம்பர் 25

நடுச்சாமப் பூசையில் பாட்டுப் பாடினார்கள். பக்கத்தில் இடம் விட்டே உட்கார்ந்திருந்தேன்.

1980 ஜனவரி 20

இந்த முறை லாசர் தண்டலை அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. நல்லா இருந்துச்சாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். "அவ்வளவுதானா? வேற ஒண்ணுமே சொல்லலியா? நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே" என்று வாசலை மறித்துக்கொண்டேன். அவர் தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"செசிலி கை மணம் அப்படியே இருக்குன்னாவ" என்றார்.

நான் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை. அவர் வாயிலிருந்து என் பேர். ஏழு வருஷத்தில் என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பேர் சொல்லியிருக்கிறார், அதுவும் வேற்று மனுஷர் முன்னால். உடனே பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

பிப்ரவரி 16

கன்னியர் மடத்தில் ஆயர் வருகைக்கு மூன்று டப்பா. தொம்மை அண்ணன் கண்ணாடி ஜாடியில் போட்டுக் கடையிலேயே வைத்துவிட்டார். திருச்செந்தூர் ரோட்டில் ஒரு கடைக்காரன் 'அசல் தோணி பிஸ்கட்' என்று பலகை போட்டிருக்கிறானாம். பிலோமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போய் ஒன்று வாங்கித் தின்றுவிட்டுச் சாந்தமாக வந்தாள். "சீனி போட்டிருக்கான் மயினி. தானாச் சாவான்."

வீட்டுக்கு வீடு ஒரு கைப்பக்குவம். ஒருத்தி எள் போடுகிறாள், ஒருத்தி தேங்காய்ப்பூ போடுகிறாள். போடட்டும். இதை யாருக்காகச் செய்தேனோ அவருக்குத் தெரியும்.

மார்ச் 30

எப்போது வருகிறார் என்று கேட்டுவரச் சொல்லியிருந்தேன். லாசர் தண்டல் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அப்புறம், "வருவாவ தங்கச்சி. மாதா திருவிழாவுக்கு வராமலா இருப்பாவ?" என்றார். திருவிழா ஆகஸ்ட் ஐந்தாம் தேதி. வரட்டும், வரட்டும்.

ஏப்ரல் 6

ஈஸ்டர். கடிதம் இல்லை.

ஜூன் 14

பிலோமிக்கு மணப்பாட்டில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. அண்ணன் வந்து உட்கார்ந்து பேசாமல் ஆகாது என்று அவளே மண்டி விலாசத்துக்கு எழுதிப் போட்டாள். எத்தனையோ கை மாறிப் போயிருக்கும் போல, இன்றுதான் பதில் கார்டு வந்தது. திருவிழாவுக்கு வருகிறார்! லாசர் தண்டல் சொன்னபடியே!

கார்டு நீர்கொழும்பிலிருந்து வந்திருக்கிறது. மண்டி வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறதாம். லாசர் தண்டல் இதைச் சொல்லவே இல்லையே. மறந்திருப்பார். பிலோமி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணுமில்ல மயினி" என்றாள். அவள் ஒன்றுமில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜூலை 30

ராமேஸ்வரம் வழியாக வந்து சேர்ந்தார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். முடியை வேறு மாதிரி வாரியிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. "சௌக்கியமா?" என்று கேட்டார். தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்" என்கிறார். அந்த ஊர்ப் பழக்கம்.

பீடி குடிப்பதில்லையாம். கேட்டதற்குச் சிரித்தார்.

ஆகஸ்ட் 1

சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. தையில் கல்யாணம். பிலோமி அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டு. கல்யாணப்பெண் அழுவது சரி, ஆனால் என்னை எதற்குப் பாவம்போல் பார்க்கிறாள்?

பிஸ்கட்டை இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை. திருவிழா அன்றைக்குச் சூடாறாமல் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

சப்பரம் நல்லபடியாகச் சுற்றி வந்தது. கோவில் தெரு முழுக்கக் கடை. எண்ணிக்கொண்டு வந்தேன், ஐந்து கடையில் தோணி பிஸ்கட். வெளியூர்க்காரர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறார்கள். அவர் கண்ணில் படும், ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கூட்டம் அதிகம்.

ஒரு கடையில் நின்று மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கவுன் வாங்கினார். கூட்டாளி வீட்டுக் குழந்தைக்காம். அளவு தெரியுமா என்று கடைக்காரன் கேட்டான். கையால் தரையிலிருந்து உயரம் காட்டினார். சரியாகக் காட்டினார்.

ஆகஸ்ட் 6

நேற்றுத் திருவிழாக் கூட்டத்தில் முடியவில்லை, இன்று தட்டில் வைத்துக் கொடுத்தேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடித்தார்.

"பரவாயில்லையே, எந்தக் கடையில வாங்குன?" என்றார். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தி, "சுக்கு போட்டிருக்கானோ? எனக்கு ஆகாதே" என்று மிச்சத்தைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டார்.

பிலோமி கதவருகில் நின்றாள். வாயைத் திறக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன்.

"இங்க எல்லாக் கடையிலயும் கிடைக்குங்க" என்றேன்.

ஆகஸ்ட் 9

புறப்பட்டுப் போனார். கல்யாணத்துக்கு வரப் பார்க்கிறேன் என்றார். பெட்டியை நான்தான் அடுக்கினேன். கவுனை மேலாக, மடிப்புக் கலையாமல் வைத்தேன். இரண்டு வயது இருக்கும்.

பஸ் போனதும் அழுதேன். ஏன் என்று எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 11

ஆடிக் காற்றுக்குத் தோணிகளெல்லாம் கரையில் கிடக்கின்றன. லாசர் தண்டல் வீட்டு முற்றத்தில் பாய் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அவரே ஆரம்பித்தார்.

"மொதத் தடவயே அவிய மண்டில இல்ல தங்கச்சி. விட்டுட்டுப் போயிட்டாவன்னு சொன்னாவ. எங்கன்னு கேட்டேன். ஒருத்தன் சொன்னான்... அத விடு. திரும்பி வந்தா நீ கையில மாவோட ஓடி வார. எனக்குச் சொல்ல வாய் வரல. டப்பாவப் பயலுவ பிரிச்சுத் தின்னுருந்தானுவ. நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். நீ வேறன்னு கேட்ட."

"மெல்லிசாக் கேட்டது யாரு?"

"பஸ்தியான் கெழவன். அவனுக்குப் பல்லு இல்ல."

"உப்பு?"

"சமையக்காரன்."

"சுக்கு?"

"நான்தான். கடல்ல வயிறு பொருமும்." தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொக்கை வாயும், அஜீரணமும், பீடியும் சேர்ந்து செய்த மனுஷனுக்காக ஒரு வருஷம் கருப்பட்டி இடித்திருக்கிறேன்! சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒன்றைக் கேட்கப் பயந்தேன். கேட்டேன்.

"கை மணம்?"

பாயின் தையலை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். "அத யாரும் சொல்லல தங்கச்சி. நீ வாசல்லயே நின்ன."

கோபம் வந்தது. ஊரெல்லாம் கேட்கத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். திட்டவும் செய்தேன், கொஞ்சம். அவர் வாங்கிக்கொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 15

மோட்சத்துக்கு மாதா போன நாள். பூசையில் என் மனதில் இருந்ததை மாதாவிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நீர்கொழும்புக்குப் போனவரை நினைத்தால் வலிக்கிறது, ஆனால் ஏங்கவில்லை. என் பேரைச் சொன்னாரே, சுக்குக் கேட்டாரே, அவருக்காகத்தான் ஏங்குகிறேன். அப்படி ஒருவர் இல்லை என்று தெரிந்து நாலு நாள் ஆகிறது. ஏக்கம் குறைந்தபாடில்லை.

செப்டம்பர் 3

காற்று மாறிவிட்டது. தோணிகள் இறங்கத் தொடங்கிவிட்டன. பிலோமி, "இனிமே ஒரு டப்பாவும் கெடையாது, கடைக்குக் குடுக்கிறதோட சரி" என்று சத்தியம் வாங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை.

லாசர் தண்டல் வாசலுக்கு வரவில்லை. தெருமுனையில் தயங்கித் தயங்கி நின்றார். நானே கூப்பிட்டு டப்பாவைக் கையில் வைத்தேன்.

"இது யாருக்கு தங்கச்சி?" என்றார்.

"தின்னுறவங்களுக்கு" என்றேன்.

டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். பாதித் தெருவில் நின்று, திரும்பி, "வந்து என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். போங்க என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வந்து நேரமாயிற்று. மாவு பிசைய வேண்டும், தொம்மை அண்ணன் ஜாடி காலி என்று ஆள் விட்டிருக்கிறார். உட்கார்ந்தே இருக்கிறேன். எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. இருந்தும், இந்தத் தடவை அவர் என்ன சொல்லி அனுப்புவாரோ என்று மனம் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது.